தகர டின் பேட்டையிலிருந்து ஒரு குரல்: லார்பி பாத்மா

காலேஜ் சேர்ந்த முதல் நாள் நம்மகிட்ட எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, எந்த டிபார்ட்மென்ட் என்பதுதான். அன்னைக்குச் சொன்ன பதில் நாலு வருஷத்துக்கு நம்ம மேல ஒட்டிக்கிட்டே இருக்கும். மெக்கானிக்கல் பையன் கவிதை எழுதினா ஒரு மாதிரி பார்ப்பாங்க. சிவில் படிக்கிற பொண்ணு நாடகத்துல நடிச்சா, அரியர் எத்தனைன்னு கேட்பாங்க.

இந்தக் கேள்விக்குக் கடைசி வரை ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாத ஒரு மனிதர் மொராக்கோவில் இருந்தார். நாடக நடிகர்னு சொன்னா சரி. பாடகர், தாளக் கலைஞர்னு சொன்னாலும் சரி. கவிஞர், எழுத்தாளர்னு சொன்னாலும் சரிதான். பெயர் லார்பி பாத்மா. 1997-ல் இறந்துபோனார், ஐம்பது வயதைக்கூடத் தொடவில்லை. ஆனால் மொராக்கோவில் இன்னைக்கும் அவர் குரலை அடையாளம் தெரியாதவர்கள் குறைவு.

தகர டின் பேட்டை

லார்பி 1948-ல் பிறந்தார். ஊர், காசாபிளாங்காவுக்குத் தெற்கே ஷாவியா சமவெளியில் இருக்கும் ஊலாத் பூஸிரி. கோதுமை விளையும், குதிரை வளர்க்கும் மண். அப்போது மொராக்கோ பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தது. கிராமத்தில் பிழைக்க வழியில்லாத குடும்பங்கள் கூட்டம் கூட்டமாகக் காசாபிளாங்காவுக்கு வந்தன. துறைமுகம், தொழிற்சாலை, ரயில்வேன்னு அங்கே கூலி வேலை கிடைத்தது. தங்கத்தான் இடம் கிடைக்கவில்லை.

வந்தவர்கள் நகரத்தின் கிழக்கு ஓரத்தில், பழைய கல்குவாரிப் பக்கம், கிடைத்ததை வைத்துக் குடிசை போட்டார்கள். பலகை, சாக்கு, தட்டி நிமிர்த்திய தகர டின். இந்த மாதிரிக் குடியிருப்புக்கு பிரெஞ்சில் பிதோன்வில்னு பேர். தகர டின் நகரம்னு அர்த்தம். சுதந்திரத்துக்குப் பிறகு அந்தப் பகுதிக்கு மன்னர் ஐந்தாம் முகம்மதுவின் பெயரால் ஹை முகம்மதி என்று பெயர் வந்தது. லார்பி வளர்ந்தது அங்கேதான்.

சிவில், ஆர்க்கிடெக்சர் நண்பர்களுக்கு ஒரு தகவல். இந்த இடம் நகரமைப்புப் பாடப்புத்தகங்களில் வரும். 1950-களின் தொடக்கத்தில் மிஷெல் எகோஷார் என்ற பிரெஞ்சுக்காரர், குடிசைவாசிகளுக்காக 8 மீட்டருக்கு 8 மீட்டர் மனைகளாகக் கட்டம் போட்டு இங்கே ஒரு குடியிருப்பை வடிவமைத்தார். உலகம் முழுக்கக் கட்டடக் கலைஞர்கள் அதைப் பற்றி விவாதித்தார்கள். அதே சமயத்தில், 1952 டிசம்பரில், துனீசியத் தொழிற்சங்கத் தலைவர் ஃபர்ஹாத் ஹஷேத் கொல்லப்பட்டதைக் கண்டித்து இந்தத் தெருக்களில் தொழிலாளர்கள் இறங்கினார்கள். பிரெஞ்சுப் படை சுட்டது, நிறைய பேர் செத்தார்கள். வரைபடத்தில் பார்க்கும்போது அழகான கட்டம். தரையில் ரத்தம். லார்பிக்கு அப்போ நாலு வயசு.

அந்தப் பேட்டையில் இன்னொன்றும் இருந்தது. மொராக்கோவின் எல்லாத் திசைகளிலிருந்தும் வந்தவர்கள் ஒரே சந்தில் குடியிருந்தார்கள். ஒரு வீட்டில் ஷாவியா கிராமத்துப் பாட்டு, அடுத்த வீட்டில் தெற்கு மலையின் பெர்பர் பாட்டு, எதிர் வீட்டில் சகாராப் பாலைவனத்துத் தாளம். நடுவில் தடுப்பு வெறும் தகரம்தானே, எல்லாம் எல்லாருக்கும் கேட்கும். லார்பிக்கு இசைப் பள்ளி அதுதான்.

வட்டத்துக்குள் நாடகம்

1965 மார்ச் மாதம். வயது 17-ஐத் தாண்டிய மாணவர்கள் மேல்நிலைக் கல்வியில் சேர முடியாது என்று அரசு ஒரு சுற்றறிக்கை விட்டது. ஏழை வீட்டுப் பிள்ளைகள் தாமதமாகத்தான் பள்ளிக்கே போவார்கள், ஆக அடி யாருக்கு விழும்னு சொல்ல வேண்டியதில்லை. காசாபிளாங்கா மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். பெற்றோரும் வேலையில்லாதவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மார்ச் 23-ஆம் தேதி ராணுவம் சுட்டது. சில மாதங்களில் மன்னர் இரண்டாம் ஹசன் நாடாளுமன்றத்தை முடக்கி, அவசரநிலை அறிவித்தார். மொராக்கோ மக்கள் ஈய ஆண்டுகள் என்று சொல்லும் அடக்குமுறைக் காலம் இறுகத் தொடங்கியது அப்போதுதான். லார்பிக்கு அப்போ சரியா அந்த 17 வயசு வாக்கில்தான் இருக்கும்.

அந்த வயதில் அவருக்குக் கிடைத்த புகலிடம் நாடகம். ஹை முகம்மதியில் இளைஞர் மன்றம் ஒன்று உண்டு. தார் ஷபாப்னு சொல்வார்கள். சாயங்காலமானால் பையன்கள் அங்கே கூடி நாடகம் போடுவார்கள். லார்பி, பூஜெமா ஹகூர், ஒமர் சையத் மூன்று பேருமே இந்த வட்டாரத்து நாடகப் பசங்க. பூஜெமா குடும்பம் தெற்குப் பாலைவனப் பக்கம். ஒமர் சூஸ் பகுதியைச் சேர்ந்த பெர்பர். இந்த நட்பு கடைசி வரை வரப்போகிறது என்று அப்போது அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

இவர்களைப் பெரிய மேடைக்குக் கொண்டுபோனவர் தய்யிப் சித்திக்கி. நாடக ஆசிரியர், இயக்குநர், நடிகர், அதோடு ஓவியரும் எழுத்தணிக் கலைஞரும்கூட. அவரிடமும் டிபார்ட்மென்ட் கேட்டால் பதில் கிடைக்காது! 1960-களின் நடுவிலிருந்து காசாபிளாங்கா நகராட்சி அரங்கை அவர்தான் நடத்தினார். பிரெஞ்சு நாடகங்களை மொழிபெயர்த்துப் போட்டுக்கொண்டிருந்தவருக்கு, நம்ம மக்களுக்கு ஏற்கெனவே ஒரு நாடக வடிவம் இருக்கே என்று தோன்றியது. அதுதான் ஹல்கா. சந்தையில் ஒரு கதைசொல்லி நிற்பார், சுற்றி மக்கள் வட்டமாக நிற்பார்கள். கதை, பாட்டு, நக்கல், தாளம் எல்லாம் ஒரே ஆளிடமிருந்து வரும். திரையும் கிடையாது, டிக்கெட்டும் கிடையாது. பிடிக்கவில்லை என்றால் கூட்டம் கலைந்து போய்விடும், அவ்வளவுதான்.

சித்திக்கி அந்த வட்டத்தை அரங்கத்துக்குள் கொண்டுவந்தார். 16-ஆம் நூற்றாண்டு சூஃபிக் கவிஞர் மஜ்தூபின் வாழ்க்கையை 1967-ல் அப்படித்தான் நாடகமாக்கினார். லார்பியும் நண்பர்களும் அவர் குழுவில் நடித்தார்கள், நாடகத்துக்குள் வரும் பாட்டுகளைப் பாடினார்கள். அல்-ஹர்ராஸ் என்ற நாடகத்தில் இவர்கள் பாடியது நிறைய பேர் நினைவில் நின்றது. நாடகம் முடிந்தும் ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டு போனது வசனத்தை இல்லை, பாட்டை. அரங்கத்தோடு ஒட்டி சித்திக்கி ஒரு கஃபே நாடக அரங்கு தொடங்கியபோது, இவர்கள் அங்கே தனியாகவே பாட ஆரம்பித்தார்கள்.

கோட் சூட் இல்லாத குழு

1970-71 வாக்கில் நாஸ் எல் கிவான் என்ற குழு பிறந்தது. கிவான் என்றால் ஊர் ஊராகப் பாடித் திரியும், பொய் சொல்லாத பாணர் கூட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். அவங்க சொன்னா ஊரே நம்பும்.

அன்றைய மொராக்கோவில் மேடைப் பாட்டு என்றால் ஒரு வடிவம் இருந்தது. எகிப்து பாணி. பின்னால் பெரிய வயலின் வரிசை, முன்னால் கோட் சூட்டில் ஒரே ஒரு பாடகர், காதல், பிரிவு, நிலா. இந்தப் பசங்க ஐந்து பேர் நீண்ட முடியும் அன்றாட உடையுமாக வந்து ஒரே வரிசையில் நின்றார்கள். தலைவர் கிடையாது. எல்லாரும் பாடுவார்கள், எல்லாரும் வாசிப்பார்கள். மொழி, வீட்டிலும் தெருவிலும் பேசுகிற தாரிஜா. உயரமான ஆள் லார்பி, தாளக்கருவியோடு நிற்பார். த்பிலா அவருடைய வாத்தியம். ஒமர் கையில் பெந்தீர் என்கிற வட்டத் தோல்பறை.

அல்லால் யாலா பாஞ்சோ வாசித்தார். இங்கே நம்ம ஆட்களுக்குப் பிடிக்கிற ஒரு விஷயம் இருக்கிறது. பாஞ்சோ மேற்கத்திய வாத்தியம். அதன் கழுத்தில் குறுக்கே ஃப்ரெட் பதித்திருக்கும். ஒரு ஸ்தாயி 12 சம பாகமாகப் பிரிந்திருக்கும். மொராக்கோ ராகங்களில் இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவே விழும் சுரங்கள் உண்டு. என்ன செய்வது? அல்லால் ஃப்ரெட்டையே எடுத்துவிட்டு வாசித்தார். விரல் எங்கே நிற்கிறதோ அதுதான் சுரம். வெளியிலிருந்து வந்த கருவியைத் தூக்கிப் போடாமல், தன் காதுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார்.

கொஞ்ச காலத்தில் எஸ்ஸவீரா ஊரிலிருந்து வந்த அப்துர்ரஹ்மான் பாக்கோ சேர்ந்தார். அவர் ஞாவா மரபு. ஞாவாக்கள், சகாராவுக்குத் தெற்கேயிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். ஒட்டகத் தோல் போர்த்திய மூன்று நரம்பு கும்ப்ரியை வைத்து விடிய விடியச் சடங்கு நடத்துவார்கள். தாளம் ஏற ஏற ஆடுகிறவர்கள் தன்னிலை மறப்பார்கள். அந்த ஆழ்ந்த நரம்பொலி வந்ததும் குழுவின் அஸ்திவாரமே மாறிப்போனது. ஷாவியா, சூஸ், சகாரா, ஞாவா: ஹை முகம்மதியின் தகரச் சுவர்களுக்கு நடுவே கேட்டதெல்லாம் இப்போ ஒரே மேடையில்.

ஒரு தேநீர்த் தட்டு

அவர்களை நாடு முழுக்கக் கொண்டுபோன பாட்டு சினிய்யா. சினிய்யா என்றால் தேநீர் பரிமாறும் தட்டு. மொராக்கோ வீடுகளில் எது நடந்தாலும் அந்தத் தட்டு நடுவே வரும், புதினா தேநீர் ஊற்றுவார்கள், சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள். பாட்டில் ஒருவர் அந்தத் தட்டோடு பேசுகிறார். உன்னைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாம் எங்கே போனார்கள் என்று கேட்கிறார். விஷயம் இவ்வளவுதான்.

இதில் அரசியல் எங்கே இருக்கு? எங்கேயும் இல்லை. ஆனால் அது எந்தக் காலம் என்று யோசியுங்கள். 1971-லும் 1972-லும் மன்னரைக் கொல்ல ராணுவத்துக்குள்ளேயே இரண்டு முயற்சிகள் நடந்தன. அதன்பின் கைதுகள் அதிகமாயின. ஒரு நாள் இருந்தவர் மறுநாள் இருக்க மாட்டார். எங்கே என்று கேட்கக்கூட முடியாது. ஹை முகம்மதிக்குள்ளேயே, தர்ப் மௌலே ஷெரீஃப் என்ற இடத்தில், கண்ணைக் கட்டி ஆட்களை அடைத்துவைத்த ரகசியச் சிறை இயங்கியது. பக்கத்துத் தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்த நாட்டில் ஒரு பாட்டு, தட்டைச் சுற்றி இருந்தவர்கள் எங்கே என்று கேட்டால், கேட்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு முகம் ஞாபகம் வரத்தானே செய்யும்?

நாடகம் கற்றுக்கொடுத்தது இங்கேதான் உதவியது. ஹல்கா கதைசொல்லி எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லிவிட மாட்டார், பாதியைக் கூட்டத்திடம் விட்டுவிடுவார். தணிக்கைக்காரருக்குத் தட்டு பற்றிய பாட்டு. ஜனங்களுக்குத் தங்கள் வீட்டுக் கதை.

1974 அக்டோபர்

1974 அக்டோபர் மாதக் கடைசியில் பூஜெமா திடீரென்று இறந்துபோனார். வயது முப்பதை ஒட்டித்தான். சாவைச் சுற்றி வதந்திகள் கிளம்பின, இன்றும் ஓயவில்லை. நாம் அதற்குள் போக வேண்டாம்.

குழு கலைந்துவிடும் என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். பூஜெமா வெறும் குரல் இல்லை. பழைய சொற்களைத் தோண்டி எடுத்துப் பாட்டாக்குவதில் அவரும் லார்பியும் ஜோடி. சின்ன வயதிலிருந்து ஒரே பேட்டை, ஒரே மேடை. இப்போ சினிய்யா பாட்டை எப்படிப் பாடுவது? இவ்வளவு நாள் ஊராரின் இழப்பைப் பாடினார்கள். இனிமேல் அந்த வட்டத்தில் காலியாக இருப்பது அவர்களுடைய நண்பனின் இடமே.

லார்பி நிறுத்தவில்லை. எழுதும் பாரத்தில் பெரும்பங்கை அவர் எடுத்துக்கொண்டார். 70-களின் பிற்பகுதியிலும் 80-களிலும் குழுவின் பாடல்களில் அவர் கை ஓங்கியிருந்தது. ஷாவியா சமவெளிக் கிராமத்துச் சொற்கள், பாதி உலகத்துக்குப் புரியாமல் போய்விட்ட பழைய தாரிஜா வார்த்தைகள் எல்லாம் அவர் வழியாக நகரத்து இளைஞர்கள் வாயில் உயிரோடு திரும்பின. 1982-ல் பெய்ரூட்டில் சப்ரா, ஷத்தீலா முகாம்களில் பாலஸ்தீன அகதிகள் படுகொலை செய்யப்பட்டபோது அதையும் பாடினார்கள். குடிசையில் வளர்ந்தவர்களுக்கு அகதி முகாமின் தகரக் கூரை அந்நியமாகத் தெரிந்திருக்காது.

இதனால் பெரிய பணம் சேர்ந்ததா என்றால், அந்தக் கதையே வேறு. கேசட் காலம் அது. ஒரு ஒரிஜினல் கேசட் விற்றால், பின்னாலேயே காப்பி அடித்த கேசட்டுகள் சந்தையில் குவியும். பாட்டு எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. காசு வந்து சேரவில்லை.

நியூயார்க்கில் ஒரு பின்னிரவு

1981-ல் அஹ்மத் எல் மானூனி என்ற இயக்குநர் இவர்களைப் பற்றி அல்-ஹால் என்று ஒரு படம் எடுத்தார். தன்னிலை மறந்த நிலை என்று பொருள். நிகழ்ச்சிகளில் கூட்டம் எப்படிப் பித்துப் பிடித்து மேடையை நோக்கி வருகிறது என்று அதில் பார்க்கலாம். கச்சேரிக்கு வந்த கூட்டம் மாதிரியே தெரியாது. ரொம்ப நாள் வாயை மூடிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு மணி நேரம் அனுமதி கிடைத்த மாதிரி இருக்கும். லார்பி முழுதாகத் தெரிவது இந்தப் படத்தில்தான். தாளம் ஏறும்போது அவர் உடம்பே வாத்தியமாகிவிடும், முகத்தில் நடிகர் தெரிவார்.

அந்தச் சமயம் நியூயார்க்கில் மார்ட்டின் ஸ்கோர்செஸி தன் படம் ஒன்றின் எடிட்டிங்கில் இருந்தார். பின்னிரவில் டிவியில் இந்தப் படம் ஓடியது. வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார். மறக்கவே இல்லை. 1988-ல் வந்த, மொராக்கோவில் படமாக்கப்பட்ட தி லாஸ்ட் டெம்ப்டேஷன் ஆஃப் கிறைஸ்ட் படத்தில் இந்த இசையைப் பயன்படுத்தினார். 2007-ல் அழிந்துவரும் பழைய படங்களைப் புதுப்பிக்க வேர்ல்ட் சினிமா ஃபவுண்டேஷன் தொடங்கியபோது, முதலில் புதுப்பித்த படம் அல்-ஹால். அந்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் அதைத் திரையிட்டார்கள். லார்பி இறந்து அப்போது பத்து வருடம் ஆகியிருந்தது.

இன்னொன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். இவர்கள் முதலில் பாடிய காசாபிளாங்கா நகராட்சி அரங்கை 1984-ல் இடித்துவிட்டார்கள். கட்டடம் போனது. அங்கே ஆரம்பித்த பாட்டு போகவில்லை.

புறப்பாடு

90-களில் லார்பிக்கு நுரையீரல் புற்றுநோய் வந்தது. பாடுகிறவருக்கு மூச்சில் வந்து விழுந்த அடி. குரல் எடுக்க முடியாது, மேடையில் நின்று தாளம் போட உடம்பு கேட்காது. பாடகர் என்ற ஒரே டிபார்ட்மென்ட்டில் மட்டும் இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அவர் பேனாவை எடுத்தார். ஹுமாம் ஹுஸாம் என்று தாரிஜாவில் ஒரு நெடுங்கதைப் பாடல் ஏற்கெனவே எழுதிவந்தவர்தான் அவர். இப்போது சுயசரிதை. பெயர் அல்-ரஹீல், அதாவது புறப்பாடு. கிராமம், குடிசை, பசி, நாடகம், நண்பர்கள், நோய் எல்லாம் அதில் வருகிறது. தன்னைப் பெரிய ஆளாகக் காட்டிக்கொள்ளும் நட்சத்திர சுயசரிதை இல்லை அது. சாவு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எழுதியது, அதனால் மறைக்க எதுவும் இல்லை. அதன் தொடர்ச்சிக்கு அல்-அலம் என்று பெயர். வலி என்று அர்த்தம். நோயாளி ஒருவர் தன் உடம்பைத் தானே கவனித்து எழுதிய கணக்கு அது. புகழ்பெற்ற ஒருவர் புற்றுநோயை மறைக்காமல் இப்படி எழுதியது மொராக்கோ வாசகர்களை உலுக்கியது.

1997 பிப்ரவரி 7 அன்று காசாபிளாங்காவில் லார்பி பாத்மா இறந்தார். பின்னாளில் அவருடைய தம்பிகள் ரஷீதும் ஹமீதும் நாஸ் எல் கிவானில் பாடினார்கள். 2012-ல் பாக்கோவும் போய்ச் சேர்ந்தார். தட்டைச் சுற்றி இடங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டே வந்தன, பாட்டு நிற்கவில்லை.

திரும்பிப் பார்த்தால், அவர் பல துறைகளில் கால் வைத்த ஆள் என்று சொல்வதுகூடச் சரியாகப் படவில்லை. அவருக்கு ஒரே வேலைதான் இருந்தது. தன் பேட்டையின் பேச்சு காற்றோடு போய்விடாமல் பார்த்துக்கொள்வது. மேடை இருந்தபோது நடித்தார். மேடை போதவில்லை என்றபோது பாடினார். மூச்சு போனபோது எழுதினார்.

நம்மில் சிலருக்கு ரெக்கார்டு நோட்டுக்குப் பின்பக்கம் கவிதை இருக்கும். சிலர் ஹாஸ்டல் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டுத் தாளம் தட்டுவோம். அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாமல் ஒளித்து வைக்கிறோம். இன்னைக்கு ராத்திரி நேரம் கிடைத்தால் சினிய்யா பாட்டைத் தேடிக் கேளுங்கள். மொழி புரியாது, பரவாயில்லை. ஹெட்போன் வேண்டாம், ரூம்மேட்டுகளையும் கூப்பிட்டு டீயோடு உட்கார்ந்து கேளுங்கள். நாலு வருஷம் முடிந்தால் அந்த வட்டத்தில் யார் யார் எங்கே இருப்போமோ, யாருக்குத் தெரியும்.